மாத்திரையா, பேச்சா? பதற்றத்துக்கு ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்?

வானகரத்துல பஸ் ஏறி பூந்தமல்லி நெடுஞ்சாலையில கிழக்கே போனா, மதுரவாயல், கோயம்பேடு, அரும்பாக்கம், அமைந்தகரை தாண்டி கீழ்ப்பாக்கம் வந்துடும். ஒரே ரோடு. ஆனா நம்ம கேம்பஸ்ல 'கீழ்ப்பாக்கம்' என்பது ஊர் பேர் இல்ல, ஒரு கிண்டல். யாராவது கொஞ்சம் விசித்திரமா பேசினா போதும், "இவன கீழ்ப்பாக்கத்துல கொண்டுபோய் விடுங்கடா" என்று நாலு பேர் சிரிப்பாங்க. சினிமாவும் நமக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கு.

அந்தக் கிண்டலுக்குப் பின்னால இருக்கிறது ஒரு மருத்துவமனை. 1794-ல் மதராஸில் ஒரு சின்ன காப்பகமாகத் தொடங்கி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறி, 1922-ல் 'அரசு மனநல மருத்துவமனை' என்று பெயர் பெற்று, இன்றைக்கு மனநலக் கல்வி நிலையமாக இருக்கும் இடம். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் டாக்டர் சாரதா மேனன் 1961-லிருந்து 1978 வரை அதை நிர்வகித்தார். பின்னர் 1984-ல் ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதுவும் நமக்குப் பக்கத்துல, அண்ணா நகர் மேற்கு விரிவாக்கத்துல இருக்கு.

இந்தக் கிண்டலுக்கு ஒரு விலை இருக்கு. நெஞ்சு படபடன்னு அடிச்சா ஈ.சி.ஜி எடுக்க மூணு தடவை போவோம். வயிறு கலங்கினா ஸ்கேன் எடுப்போம். தலைவலிக்கு கண் டாக்டர். எல்லா ரிப்போர்ட்டும் 'நார்மல்' என்று வந்த பிறகும், போக வேண்டிய ஒரு இடத்துக்கு மட்டும் போக மாட்டோம். அங்கே போனா என்ன சிகிச்சை கிடைக்கும் என்று தெரியாததும் அதுக்கு ஒரு காரணம். அதனால இந்தக் கட்டுரையில ஒரே ஒரு நோயையும், அதுக்கான ரெண்டு சிகிச்சைகளையும், அவை ரெண்டும் சேரும்போது என்ன நடக்கும் என்பதையும் பார்க்கலாம்.

எது பயம், எது நோய்?

வைவாவுக்கு முன்னாடி கை நடுங்குறது நோய் இல்ல. பிளேஸ்மென்ட் லிஸ்ட் வர்ற அன்னைக்கு வயித்துல புளியைக் கரைக்குதுன்னா அதுவும் நோய் இல்ல. காரணம் போனதும் பயமும் போயிடும்.

'பொதுவான பதற்றக் கோளாறு' என்று ஒன்று இருக்கு. டாக்டர்கள் ஜி.ஏ.டி என்பார்கள். இதில் பயத்துக்கு ஒரு குறிப்பிட்ட காரணம் இருக்காது. அது இடம் மாறிக்கிட்டே இருக்கும். இன்டர்னல் மார்க் பத்திக் கவலை. அது நல்லபடியா வந்ததும் கல்விக் கடன் பத்திக் கவலை. அதுக்கப்புறம் அப்பா பைக்கில் வேலைக்குப் போறாரே, ஆக்சிடென்ட் ஆயிடுமோ என்ற கவலை. அப்பா வீட்டுக்கு வந்துட்டார்னு அம்மா போன் பண்ணினதும் ஒரு நிமிஷ நிம்மதி. பிறகு அடுத்தது. ஆள் இல்லாத வீட்டில் ஓடுற மோட்டார் மாதிரி, தொட்டி நிரம்பி வழிஞ்சாலும் அது நிக்கிறதில்ல.

1980-ல் வெளியான அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலில்தான் இதுக்குத் தனிப் பெயர் கிடைத்தது. இன்றைய அளவுகோல்படி மூன்று விஷயங்களைப் பார்ப்பாங்க. கட்டுப்படுத்த முடியாத கவலை குறைந்தது 6 மாதமாக, பெரும்பாலான நாட்களில் இருக்கணும். இருப்புக்கொள்ளாமை, சீக்கிரம் களைப்பு, கவனம் நிற்காமை, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கோளாறு என்ற 6 அறிகுறிகளில் குறைந்தது 3 இருக்கணும். படிப்பு, வேலை, உறவு எதையாவது அது கெடுக்கவும் செய்யணும்.

2006-ல் ஸ்பிட்சர் என்பவரின் குழு 7 கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டது. கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொந்தரவும் எத்தனை நாள் இருந்தது என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போடணும். மொத்தம் 21. 5-க்கு மேல் லேசானது, 10-க்கு மேல் நடுத்தரம், 15-க்கு மேல் கடுமை. 10-ஐத் தொட்டா ஒரு டாக்டரைப் பார்க்கணும் என்பதுதான் அதன் அர்த்தம். 'உனக்கு இந்த நோய்தான்' என்று முடிவு கட்டுவது இல்ல. தைராய்டு அதிகமா சுரந்தாலும் படபடப்பு வரும். ஒரு நாளைக்கு ஆறு காபி குடிச்சாலும் வரும். அதையெல்லாம் பார்த்து விலக்குறது டாக்டர் வேலை.

மைக் ஏன் கூவுது?

கல்ச்சுரல்ஸ்ல பார்த்திருப்பீங்க. யாரோ மைக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு ஸ்பீக்கருக்கு முன்னாடி வந்து நின்னதும் 'கூய்ங்ங்...' என்று ஒரு சத்தம் கிளம்பும். எல்லோரும் காதைப் பொத்துவோம். மைக்கும் ரிப்பேர் இல்ல, ஸ்பீக்கரும் ரிப்பேர் இல்ல. ஸ்பீக்கர்ல வந்த சத்தம் மைக்குக்குள்ள போகுது, ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்குது, பெருகினது மறுபடி ஸ்பீக்கர் வழியா மைக்குக்குள்ளேயே போகுது. ஒரு சுத்துக்கான கெயின் 1-ஐத் தாண்டினா, சின்ன இருமல் சத்தம்கூட ஊளையா மாறிடும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல படிக்கிற பாசிட்டிவ் ஃபீட்பேக் இதுதான்.

பதற்றமும் இப்படித்தான் சுத்துது. 'ஃபெயில் ஆயிட்டா?' என்று ஒரு எண்ணம் வருது. உடம்பு அதை நிஜ ஆபத்துன்னு எடுத்துக்கிட்டு இதயத்தை வேகமா அடிக்க வைக்குது. 'ஏன் இப்படி அடிக்குது? ஏதோ தப்பு நடக்கப்போகுது' என்று மூளை அதைப் படிக்குது. இன்னும் பயம், இன்னும் படபடப்பு.

இந்த ஊளையை நிறுத்த ரெண்டு வழி இருக்கு. ஆம்ப்ளிஃபையர்ல வால்யூமைக் குறைக்கலாம். இல்லைன்னா மைக்கைப் பிடிச்சிருக்கிறவர் ஸ்பீக்கர் முன்னாடி இருந்து நகரலாம். மாத்திரை முதல் வேலையைச் செய்யுது. பேச்சு சிகிச்சை ரெண்டாவது வேலையைக் கத்துக்கொடுக்குது. வால்யூமை மட்டும் குறைச்சுட்டு அதே இடத்துல நின்னா, நாளைக்கு வால்யூமை ஏத்தினதும் மறுபடி கூவும். வால்யூம் உச்சத்துல இருக்கும்போது 'நகருங்க, நகருங்க' என்று கத்தினா, அந்தச் சத்தத்துல நகர வேண்டியவருக்குக் காதே கேட்காது. ரெண்டையும் ஏன் சேர்த்துத் தர்றாங்க என்பதுக்கு இதுதான் அடிப்படை.

மாத்திரை என்ன செய்யுது?

ஜி.ஏ.டி-க்கு முதலில் எழுதப்படும் மாத்திரைகள் எஸ்.எஸ்.ஆர்.ஐ என்ற வகை. எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்றவை இதில் வரும். எஸ்.என்.ஆர்.ஐ என்ற பக்கத்து வகையில் வென்லாஃபாக்ஸின், டுலோக்ஸெடின் இருக்கு. நரம்பு செல் வெளியிட்ட செரடோனினை அதே செல் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை எஸ்.எஸ்.ஆர்.ஐ தடுக்குது. இந்தத் தடுப்பு சில மணி நேரத்திலேயே தொடங்கிடும். ஆனா பதற்றம் குறைய 2 முதல் 6 வாரம் ஆகும்; மூளை புது நிலைக்குப் பழகுறதுக்கு அவ்வளவு நாள் வேணும்.

நம்ம பசங்க விட்டுடுற இடம் இங்கேதான். முதல் வாரத்தில் பலன் தெரியாது. ஆனா பக்க விளைவு தெரியும்: குமட்டல், தலைவலி, சிலருக்குப் பதற்றமே கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும். 'போட்டேன், இன்னும் மோசமாச்சு' என்று அஞ்சாவது நாள் நிறுத்திடுவாங்க. இதைத் தவிர்க்கத்தான் டாக்டர்கள் சின்ன அளவில் தொடங்கி மெதுவா ஏத்துறாங்க. 25 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கையும் உண்டு. தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் சிலருக்குக் கூடலாம் என்பதால், அந்தச் சமயத்துல அடிக்கடி டாக்டரைப் பார்க்கணும். அப்படி ஒரு எண்ணம் வந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே சொல்லணும்.

இன்னொரு வகை இருக்கு. ஹாஸ்டல்ல 'டென்ஷன் மாத்திரை' என்று கைமாறுமே, அது. அல்பிரசோலாம், டயசெபாம் போன்ற பென்சோடயசெபைன் வகை. 1960-ல் லிப்ரியம், 1963-ல் வேலியம் என்ற பெயர்களில் சந்தைக்கு வந்த குடும்பம். அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும் என்பதுதான் இதன் கவர்ச்சி, ஆபத்தும் அதுதான். வாரக்கணக்கில் தொடர்ந்தா உடம்பு பழகிடும், அளவு கூடும், சட்டுன்னு நிறுத்தினா பதற்றம் இரட்டிப்பா திரும்பும், வலிப்புகூட வரலாம். சாராயத்தோடு சேர்ந்தா மூச்சையே அடக்கிடும். அதனாலதான் 2014 முதல் இவை அட்டவணை எச்1-ல் இருக்கு: டாக்டர் சீட்டு இல்லாம விற்கக்கூடாது, விற்றதை கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதணும். டாக்டர் இதைக் கொடுத்தாலும் கொஞ்ச நாளைக்குத்தான் கொடுப்பார். ரூம்மேட் கொடுக்கிற அரை மாத்திரை சிகிச்சை இல்ல.

குரூப்ல உட்கார்ந்து என்னதான் பண்ணுவாங்க?

'குரூப் தெரபி' என்றதும் வட்டமா சேர் போட்டு, ஒவ்வொருத்தரா அழற காட்சி மனசுல வருது. நடப்பது அதுவல்ல. ஒரு லேப் கோர்ஸுக்குத்தான் அது கிட்ட.

முறை பழசு. 1905-ல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற டாக்டர், காசநோய் வந்த ஏழைகளை வாரம் ஒருமுறை ஒரே அறையில் கூட்டி, ஓய்வு, காற்று, உணவு பற்றி வகுப்பு எடுத்தார். அப்போ காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஒருத்தர் தேறுவதைப் பார்த்து மற்றவர் நம்பிக்கை பெறுவதை அவர் கவனித்தார். நம்ம ஊரிலும் இந்தப் பழக்கம் இருக்கு. 1980-ல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் நிறுவனத்தின் மருத்துவமனையில், குடிநோய்க்கு மருந்தோடு குழுவாக உட்கார்ந்து பேசுவதும் சிகிச்சையின் பகுதி.

ஜி.ஏ.டி-க்கான குழுக்களில் பெரும்பாலும் சி.பி.டி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் பாடங்களே நடக்கும். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் 2011-ல் சொன்ன கல்விக் குழு ஒன்றின் அளவு: சுமார் 12 பேர், வாரம் ஒருமுறை 2 மணி நேரம், 6 வாரம். கனடாவின் க்யூபெக்கில் டுகா என்பவரின் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவுக்கு 4 முதல் 6 பேர், 14 அமர்வுகள்.

அமர்வுகளில் செய்வது இவைதான்:

முதலில், கவலை டைரி. ஒரு நாளில் எப்போ, எதைப் பத்தி, எவ்வளவு நேரம் கவலைப்பட்டோம் என்று எழுதுறது. டேட்டா இல்லாம டீபக் பண்ண முடியாது இல்லையா?

அடுத்து, பிரிக்கிறது. 'நாளை மறுநாள் ரெக்கார்ட் சப்மிட் பண்ணணும், இன்னும் எழுதல' என்பது இப்போ இருக்கிற பிரச்சினை. அதுக்கு வேலை செய்யலாம். 'வேலை கிடைச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு லே-ஆஃப் ஆயிட்டா?' என்பது இன்னும் நடக்காத ஒன்று. அதை எவ்வளவு யோசிச்சாலும் விடை வராது. ரெண்டுக்கும் வேற வேற கருவி.

மூணாவது, நிச்சயமின்மையைத் தாங்குறது. டுகாவின் சிகிச்சையின் மையமே இதுதான். ஜி.ஏ.டி இருக்கிறவருக்கு ஆபத்தைவிட 'தெரியலையே' என்பதுதான் தாங்காது. அதனால வீட்டுக்கு அஞ்சு தடவை போன், மெயிலை அனுப்பும் முன் பத்து தடவை படிக்கிறது, 'நான் நல்லாதானே எழுதியிருக்கேன்?' என்று நண்பனிடம் மறுபடி மறுபடி கேட்கிறது. ஒவ்வொரு சரிபார்ப்பும் ரெண்டு நிமிஷ நிம்மதி தரும். அந்த நிம்மதியே அடுத்த சரிபார்ப்புக்கு அட்வான்ஸ். குழுவில் சின்னச் சின்ன பரிசோதனை கொடுப்பாங்க: இந்த வாரம் ஒரு மெயிலை ஒரே தடவை படிச்சு அனுப்புங்க. என்ன ஆகும்னு முன்கூட்டியே எழுதி வையுங்க. நடந்ததையும் எழுதி எடுத்துட்டு வாங்க.

நாலாவது, தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. எட்மண்ட் ஜேகப்சன் உருவாக்கிய முறை. உடம்பு வழியா சுத்துற அந்த லூப்பின் ஒரு கம்பியை இது துண்டிக்குது.

இதெல்லாம் தனியா ஒரு தெரபிஸ்ட்டிடமும் கத்துக்கலாமே, எதுக்குக் குழு? குழுவுக்கு மட்டுமே உள்ள சில விஷயங்கள் இருக்கு. குழு சிகிச்சை பற்றி 1970-ல் முக்கியமான பாடநூல் எழுதிய இர்வின் யாலோம், குழு குணமாக்கும் காரணிகளைப் பட்டியலிட்டார். அதில் ஒன்று, 'எனக்கு மட்டும் இல்ல' என்ற கண்டுபிடிப்பு. கிளாஸ்ல எல்லோரும் ஜாலியா இருக்காங்க, நான் மட்டும்தான் இப்படி என்பது இந்த நோய் சொல்ற பெரிய பொய். எதிர்ல உட்கார்ந்திருக்கிற வங்கி ஊழியர், "நானும் கேஸ் அடுப்பை அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பி வந்திருக்கேன்" என்று சொல்லும்போது அந்தப் பொய் உடையுது. டாக்டர் நூறு தடவை சொன்னாலும் அந்த அளவு உடையாது, ஏன்னா டாக்டருக்கு அந்த நோய் இல்ல. இன்னொன்று: அடுத்தவர் கவலையில் இருக்கிற ஓட்டை நமக்குப் பளிச்சுன்னு தெரியும். நம்ம கோடுல இருக்கிற பக் நமக்குத் தெரியாது, நண்பன் கோடுல ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவோம். அந்தத் திறமையை மெல்ல மெல்ல நம்ம பக்கம் திருப்புறதுக்குக் குழு உதவுது.

கணக்கும் இருக்கு. 8 பேருக்குத் தனித்தனியா 12 வாரம், வாரம் 1 மணி நேரம் என்றால் 96 மணி நேரம். அதே 8 பேர் ஒரு குழுவா வாரம் 2 மணி நேரம் உட்கார்ந்தா 24 மணி நேரம். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்ல, 0.75 என்பது அடிக்கடி சொல்லப்படும் அளவு. 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய, தமிழ்நாடும் இடம்பெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சையே கிடைக்கலன்னு சொன்னது. அந்தப் பள்ளத்தைத் தனி அறைச் சிகிச்சை மட்டும் நிரப்பாது.

ரெண்டும் சேரும்போது

மூணாவது வருஷம் படிக்கிற ஒரு மாணவி என்று வச்சுக்குவோம். ஏழு மாசமா தூக்கம் சரியில்ல. புத்தகத்தைத் திறந்தா ஒரே பக்கத்துல அரை மணி நேரம். மதிப்பெண் தாளில் 16.

டாக்டர் சின்ன அளவில் எஸ்.எஸ்.ஆர்.ஐ தொடங்குறார். அதே வாரம் குழுவிலும் சேர்றாங்க. முதல் ரெண்டு வாரம் மாத்திரையால பெரிய மாற்றம் இல்ல, குமட்டல்தான். இங்கே குழு அவங்களைத் தாங்குது: "எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் இருந்துச்சு, பத்து நாள்ல போயிடுச்சு" என்று சொல்ல ஒருத்தர் இருக்கார். மாத்திரையை அஞ்சாவது நாள் தூக்கிப் போடாம இருக்க அந்த ஒரு வாக்கியம் போதும்.

நாலாவது, அஞ்சாவது வாரத்துல மாத்திரை பிடிக்குது. தூக்கம் வருது. இப்போ மாத்திரை குழுவைத் தாங்குது: மூன்று மணிக்கே விழிச்சுக்கிட்டு இருந்த ஆளால டைரி எழுத முடியல, தூங்கி எழுந்த ஆளால முடியுது. 'மெயிலை ஒரே தடவை படிச்சு அனுப்பு' என்ற பரிசோதனை, முன்னாடி மலை மாதிரி இருந்தது, இப்போ ஒரு மேடு.

பத்தாவது வாரத்துல ஒரு ஆபத்து இருக்கு. 'நல்லாயிட்டேன்' என்று ரெண்டையும் ஒண்ணா நிறுத்துறது. பதற்றம் குறைஞ்ச பிறகும் மாத்திரையை மாதக்கணக்கில் தொடரச் சொல்வாங்க. நைஸ் வழிகாட்டுதல் ஒரு வருஷமாவது என்கிறது. பிறகு டாக்டர் மெதுவா அளவைக் குறைப்பார். அந்தக் குறைக்கிற காலத்துலதான் குழுவில் கத்துக்கிட்ட பாடம் நிஜமா வேலைக்கு வரும். வால்யூம் திரும்ப ஏறுது. ஆனா நீங்க இப்போ ஸ்பீக்கருக்கு முன்னாடி நிக்கல.

ஒரு எச்சரிக்கை. பரிசோதனை செய்யும் முன் ஒரு அல்பிரசோலாம் போட்டுக்கிட்டுப் போனா, 'சமாளிச்சேன்' என்ற பாடம் மனசுல பதியாது. 'மாத்திரை இருந்ததால தப்பிச்சேன்' என்றுதான் பதியும். சேர்க்கை என்றால் எதையும் எதோடும் சேர்ப்பது இல்ல.

ஆய்வுகள் என்ன சொல்லுது?

2008-ல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையான 488 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பிரிவுப் பதற்றம், ஜி.ஏ.டி, சமூகப் பயம் இவற்றில் ஒன்றாவது இருந்தவர்கள். 12 வாரத்துக்குப் பிறகு நல்ல முன்னேற்றம் கண்டவர்கள்: சி.பி.டி-யும் செர்ட்ராலினும் சேர்ந்து பெற்றவர்களில் 80.7 சதவீதம், சி.பி.டி மட்டும் பெற்றவர்களில் 59.7, செர்ட்ராலின் மட்டும் பெற்றவர்களில் 54.9, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 23.7. அங்கே பேச்சு சிகிச்சை தனித்தனியாகத் தரப்பட்டது. டுகாவின் 52 பேர் ஆய்வு, அதைக் குழுவாகவும் தர முடியும், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடக் குழுவில் இருந்தவர்கள் தேறினார்கள் என்று காட்டியது.

நம்ம நாட்டுக் கணக்கும் ஒன்று இருக்கு. கோவாவில் விக்ரம் படேல் குழு நடத்திய மானஸ் ஆய்வு, 2010-ல் லான்செட் இதழில் வந்தது. மனநல மருத்துவர் இல்லாத 24 சாதாரண மருத்துவமனைகள். உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக்கினார்கள். மாத்திரை தேவைப்பட்டவர்களுக்கு அங்கிருந்த பொது டாக்டரே எழுதினார். அரசு மருத்துவமனைகளில் 6 மாதத்தில் தேறியவர்கள் 65.9 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்ற இடங்களில் 42.5 சதவீதம். பேச்சும் மருந்தும் ஒரே கூரைக்குக் கீழே, ஒருத்தர் செய்வது மற்றவருக்குத் தெரிகிற மாதிரி நடந்ததுதான் அங்கே விஷயம்.

இதுக்காக எல்லோருக்கும் ரெண்டும் வேணும்னு இல்ல. லேசான நிலைக்குக் குழுவும் சுய உதவிப் பயிற்சியும் போதும். நடுத்தர நிலையில் பெரியவர்களுக்கு மாத்திரையா, பேச்சா என்பதை நோயாளியின் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம் என்கிறது நைஸ். ஒன்று பாதிப் பலன் தந்து நின்னா மற்றதைச் சேர்ப்பது அடுத்த படி. படிப்பையே விடுற அளவுக்குக் கடுமையா இருந்தா ரெண்டையும் தொடக்கத்திலேயே சேர்ப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்க.

நீங்க கேட்கப்போற கேள்விகள்

*குழுவில் தெரிஞ்சவங்க இருந்தா?* கேம்பஸுக்கு வெளியே நடக்கிற குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். எந்தக் குழுவிலும் முதல் விதி, இங்கே கேட்டது இங்கேயே இருக்கணும். மருத்துவமனை, சிகிச்சை தருபவர் பக்கம் இருந்து வெளியே போகாம இருக்கச் சட்டமே இருக்கு: 2017 மனநல மருத்துவச் சட்டத்தின் 23-வது பிரிவு, உங்க சிகிச்சை விவரத்தை ரகசியமா வைக்கிற உரிமையைத் தருது. உங்க எச்.ஓ.டி போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லக்கூடாது.

*எனக்குப் பேசவே வராது.* முதல் சில வாரம் பேசாம கேட்கலாம். யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. நாலு பேர் முன்னாடி உட்காரவே முடியாத அளவு பயம் இருந்தா, தற்கொலை எண்ணம் தீவிரமா இருந்தா, முதலில் தனிச் சிகிச்சை; பிறகு குழு.

*எஸ்.எஸ்.ஆர்.ஐ-க்கு அடிமை ஆயிடுவேனா?* போதை மாதிரி ஏங்க வைக்காது, அளவைக் கூட்டிக்கிட்டே போகவும் வைக்காது. ஆனா திடீர்னு நிறுத்தினா தலைசுற்றல், எரிச்சல் வரும். அதனால டாக்டர் சொல்றபடி குறைக்கணும்.

*வீட்டுல "உனக்கென்ன குறை, நல்லா சாப்பிட்டுத் தூங்கு" என்கிறாங்க.* அவங்க கோபத்துல சொல்லல, பயத்துல சொல்றாங்க. 'எனக்கு மனநோய்' என்று தொடங்காம, 'ஆறு மாசமா தூக்கம் வரல, படிக்க முடியல, டாக்டர்கிட்ட போகணும், கூட வாங்கம்மா' என்று தொடங்கிப் பாருங்க. 18 வயசு ஆயிட்டா தனியா போகவும் உங்களால முடியும்.

எங்கே போறது?

முதல் படி போன். 14416 – டெலி மானஸ். 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கு. உயிரை விடணும்னு தோணினா இந்த எண்களை உடனே கூப்பிடுங்க; 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் ஸ்நேகாவும் இருக்கு.

நேர்ல போகணும்னா, கீழ்ப்பாக்கம் மனநலக் கல்வி நிலையத்தின் வெளிநோயாளிப் பிரிவு இருக்கு. ஆவடி, திருவள்ளூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். தனியார்ல போனா, மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவரா, பேச்சு சிகிச்சை தருபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்க. கேட்பது மரியாதைக் குறைவு இல்ல.

போகும்போது மூணு கேள்வியை எழுதிட்டுப் போங்க. என் நிலைக்கு மாத்திரை, பேச்சு, ரெண்டும் – எது பொருந்தும்? இங்கே குழு அமர்வு நடக்குதா, இல்லைன்னா எங்கே நடக்குது? மாத்திரை எழுதுபவரும் குழு நடத்துபவரும் என்னைப் பத்திப் பேசிக்குவாங்களா? மூணாவது கேள்விதான் பலர் விட்டுடுறது. ஒருத்தர் அளவைக் கூட்டினது இன்னொருத்தருக்குத் தெரியலைன்னா அது ரெண்டு தனிச் சிகிச்சை, சேர்க்கை இல்ல.

உங்களுக்கு இது இல்லாம இருக்கலாம். அப்படின்னா உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. உங்க பெஞ்சுல ஒருத்தர் ஒரே கேள்வியை நாலாவது தடவை கேட்கும்போது, "நல்லாதான் எழுதியிருக்க, விடு" என்று அஞ்சாவது தடவை சமாதானம் சொல்றதைவிட, "எத்தனை நாளா இப்படி இருக்கு? டாக்டர்கிட்ட போலாமா, நான் கூட வர்றேன்" என்று கேட்டுப் பாருங்க. அடுத்த தடவை யாராவது 'கீழ்ப்பாக்கம்' என்று சிரிச்சா, நீங்க மட்டுமாவது சிரிக்காதீங்க. அந்தச் சிரிப்பைக் கேட்டுட்டு, போகலாமா வேண்டாமான்னு யோசிக்கிற ஒருத்தர் அதே பெஞ்சுல இருக்கக்கூடும்.